கல்லாவில் 3,400 ரூபாய் குறையுது... 'யார் எடுத்தது?' என்பதுதான் முதல் கேள்வியா?

ராத்திரி ஒன்பதரை மணி. மன்னார்குடி பந்தலடியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் நேரம். உள்ளே இன்னும் விளக்கு எரியும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரமான சூப்பர் மார்க்கெட். பில் போட இரண்டு கவுன்ட்டர், வேலைக்கு எட்டுப் பேர். கம்ப்யூட்டர் சொல்லும் ரொக்கத்துக்கும் கல்லாவில் எண்ணிப் பார்த்த ரொக்கத்துக்கும் 3,400 ரூபாய் வித்தியாசம்.

"ஏம்மா, இன்னிக்கு கல்லால யாரு உட்கார்ந்தது?"

"நான்தாண்ணே. மத்தியானம் சாப்பிடப் போனப்ப மட்டும் தம்பி பார்த்துக்கிட்டான்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இருங்க. மத்தவங்க கிளம்பலாம்."

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் கடையில் ஒரு வருஷம் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. உள்ளிக்கோட்டைக்கோ வடுவூருக்கோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு பெண், கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு நிற்கிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருடைய பெயர் கெட்டுப்போகலாம். கேள்வி கேட்கும் கடைக்காரரே சட்டப்படி குற்றவாளி ஆகிவிடவும் வாய்ப்பு உண்டு. இந்த இரண்டாவது விஷயம்தான் பலருக்குத் தெரியாது.

ஊழியர் திருட்டு என்பது இல்லாத ஒன்றல்ல. அதில் நொடித்துப்போன கடைகளும் உண்டு. பிரச்னை, விசாரணை எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் அது ஆளில் தொடங்கி, பிறகு கணக்குக்கு வருகிறது. வர வேண்டிய திசை நேர் எதிர்.

குறைவு என்றாலே திருட்டா?

கணக்குப்படி இருக்க வேண்டியதற்கும் உண்மையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை சில்லறை வணிகத்தில் 'ஷ்ரிங்கேஜ்' என்பார்கள். நம் ஊர்க் கடைகளில் சுருக்கமாக 'ஷார்ட்'. அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய நிதியாண்டில் அங்கே சராசரிக் குறைவு மொத்த விற்பனையில் 1.6 சதவீதம். அந்தக் குறைவில் வெளியாட்கள் திருடியது 36 சதவீதம், ஊழியர்கள் திருடியது 29 சதவீதம். பில்லிங் பிழை, ஸ்டாக் பதிவுக் குழப்பம் போன்ற நடைமுறைத் தவறுகளால் போனது 27 சதவீதம்.

கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊழியர் எடுத்ததும், யாரும் எடுக்காமலே காணாமல் போனதும் கிட்டத்தட்ட சமம். இவை அமெரிக்கப் பெரிய கடைகளின் எண்கள், மன்னார்குடிக்கு அப்படியே பொருந்தாது. அதே கூட்டமைப்பு, திட்டமிட்ட கும்பல் திருட்டு பற்றிச் சொன்ன இன்னொரு பெரிய எண்ணை அதே ஆண்டு டிசம்பரில் திரும்பப் பெறவும் நேர்ந்தது. வணிகர் அமைப்புகள் சொல்லும் திருட்டுக் கணக்கையே ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அந்த ஈரத்தோடு உள்ள 100 கிலோ நெல், 14 சதவீதம் வரை காய்ந்தால் என்ன எடை இருக்கும்? தண்ணீர் நீங்கலாக 83 கிலோ அப்படியே இருக்கும். அது இப்போது மொத்தத்தில் 86 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 96.5 கிலோ. மீதி மூன்றரை கிலோவை வெயில் எடுத்துக்கொண்டது. எடைபோட்டவரையும் மூட்டை தூக்கியவரையும் நிற்க வைத்துக் கேட்டாலும் அது திரும்பி வராது.

மளிகைக் கடை மூட்டைகளுக்கும் இதே கதைதான். மிளகாய் வற்றல் காயும், வெல்லம் கசியும், சில்லறையாக நிறுக்கும்போது தராசில் பத்து கிராம் கூடப்போகும், குடோனில் எலி தன் பங்கை எடுக்கும். சப்ளையர் பில்லில் பத்து கேஸ் இருக்கும், வண்டியிலிருந்து இறங்கியது ஒன்பதாக இருக்கும். காலாவதியான சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அதற்கான கிரெடிட் நோட் வந்திருக்காது. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியதே, அந்த மாதிரி நேரத்தில் பழைய விலைச் சரக்கும் புது விலைச் சரக்கும் ஒரே அலமாரியில் இருக்கும். சிஸ்டத்தில் ஒரு விலையைத் தப்பாக ஏற்றினால் போதும், ஒவ்வொரு பில்லிலும் சத்தமில்லாமல் பத்து ரூபாய் போய்க்கொண்டே இருக்கும்.

அப்போ உண்மையான திருட்டு எப்படி இருக்கும்?

பட்டுப்புடவையைப் பைக்குள் சுருட்டுவதெல்லாம் பழைய பாணி. இன்றைக்குக் கடைக்குள் நடக்கும் திருட்டில் பெரும்பகுதி பில்லிங் மேஜையில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது.

தெரிந்தவர் வந்தால் பத்துப் பொருளில் ஏழை மட்டும் ஸ்கேன் செய்து, மூன்றை அப்படியே பைக்குள் தள்ளிவிடுவது ஒன்று. வாடிக்கையாளரிடம் ரொக்கம் வாங்கிக்கொண்டு, அவர் போனதும் பில்லை கேன்சல் செய்வது இன்னொன்று. சரக்கு போய்விட்டது, பணம் சட்டைப்பையில் இருக்கிறது, சிஸ்டத்தில் விற்பனையே நடக்கவில்லை. திருப்பிக் கொடுக்காத பொருளுக்கு 'ரிட்டர்ன்' போட்டுப் பணம் எடுப்பதும் இதே வகைதான். கார்டு இல்லாத வாடிக்கையாளர்களின் பாயின்ட்டை எல்லாம் தன் மொபைல் நம்பரில் ஏற்றிக்கொள்வது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், வருஷக் கணக்கில் பெரிய தொகை. யு.பி.ஐ. வந்த பிறகு கடை க்யூ.ஆர். அட்டைக்குப் பதிலாகச் சொந்த க்யூ.ஆரை நீட்டுவதும் சேர்ந்துகொண்டது.

கல்லாவை விடப் பெரிய ஓட்டை பின்வாசலில் இருக்கும். லோடு இறங்கும்போது டிரைவரும் குடோன் ஆளும் கூட்டுச் சேர்ந்தால், கவுன்ட்டரில் ஒரு மாதம் அடிக்கக்கூடியதை ஒரே காலையில் அடித்துவிடலாம். ஆனால் சந்தேகம் வரும்போது முதலில் நிற்க வைக்கப்படுவது கவுன்ட்டரில் இருப்பவர்தான். சம்பளம் குறைவானவர், கண்ணில் படும் இடத்தில் இருப்பவர், எதிர்த்துப் பேசாதவர்.

ஏன் திருடுகிறார்கள் என்பதற்கு அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்டு கிரெஸ்ஸி 1953-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். நம்பிக்கை மோசடிக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் பேசி அவர் கண்டது இது: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி ஒன்று இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் எடுக்க ஒரு வழி இருக்கிறது. கூடவே, 'கடனாத்தான் எடுக்கிறோம், திருப்பி வெச்சிடலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானமும் இருக்கிறது. சீட்டுக் கட்டவும் குழுக் கடன் தவணைக்கும் மாதாமாதம் ஓடும் ஊர்களில் முதலாவதைக் கடைக்காரர் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது முழுக்க அவர் கையில் இருக்கிறது. பில் கேன்சல் செய்ய மேனேஜர் பாஸ்வேர்டு வேண்டும் என்று வைத்துவிட்டு, அந்தப் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் மேலேயே துண்டுச் சீட்டில் ஒட்டிவைத்திருக்கும் கடைகளை என்ன சொல்வது?

முதலில் காகிதம், பிறகு கேமரா, கடைசியில் ஆள்

மறுபடி அந்த 3,400 ரூபாய்க்கு வருவோம். அன்று ராத்திரி இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாள் காலையில் கணக்கை எடுத்தால் எப்படிப் போகும்?

முதலில் கவுன்ட்டரின் அன்றைய முழு அறிக்கை. எத்தனை பில், எவ்வளவு ரொக்கம், எவ்வளவு யு.பி.ஐ., எத்தனை கேன்சல், எத்தனை ரிட்டர்ன், ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு. அடுத்து பேங்க் செட்டில்மென்ட் பட்டியல். 900 ரூபாய் பில் ஒன்று சிஸ்டத்தில் 'ரொக்கம்' என்று இருக்கிறது, ஆனால் பணம் யு.பி.ஐ.யில் பேங்குக்கு வந்திருக்கிறது. அவசரத்தில் தப்பான பட்டனைத் தட்டியிருக்கிறார்கள். 3,400-ல் 900 போனது. பிறகு வவுச்சர் நோட்டு. பிரெட் வண்டிக்காரருக்குக் காலையில் கல்லாவிலிருந்து 2,000 கொடுத்திருக்கிறார்கள், கொடுக்கச் சொன்னது முதலாளியே, வவுச்சர் எழுதவில்லை. மீதி 500.

அந்த 500-ஐ யாராவது எடுத்திருக்கலாம். சில்லறை கொடுக்கும்போது கூடப் போயிருக்கலாம். ஒருநாள் கணக்கை வைத்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு குறைவைப் பார்ப்பதில்லை, வரிசையைப் பார்க்கிறார்கள். ஒரே ஆள் இருக்கும் ஷிஃப்ட்டில் மட்டும் குறைகிறதா? கேன்சல் பில்கள் ஒருவர் பெயரில் மட்டும் மற்றவர்களைவிடப் பல மடங்கா? அவர் லீவு போட்ட வாரம் என்ன ஆனது? கவுன்ட்டரை மாற்றிப் போட்டால் குறைவும் கூடவே மாறுகிறதா?

இதற்கெல்லாம் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. ஒரு கல்லாவுக்கு ஒரு ஆள், ஒரு லாகின். சாப்பாட்டு நேரத்தில் 'தம்பி பார்த்துக்கிட்டான்' என்ற ஏற்பாடு இருக்கும் வரை எந்தக் கணக்கும் யாரையும் காட்டிக்கொடுக்காது, யாரையும் காப்பாற்றவும் செய்யாது. கை மாறும்போது எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் நேர்மையான ஊழியருக்குத்தான் அதிகம் உதவும்.

கேமரா மூன்றாவது. காட்சியைப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டி.வி.ஆரின் கடிகாரமும் பில்லிங் கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஏழு நிமிஷ வித்தியாசம் இருந்தால், 6.42-க்குக் கேன்சல் ஆன பில்லுக்கு வேறொரு வாடிக்கையாளரின் காட்சியைப் பார்த்து, வேறொருவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். சந்தேகம் வந்த அன்றே தேவையான பகுதியைத் தனியாக எடுத்துவைப்பதும் முக்கியம். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

இன்னொன்று. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அவர்கள் ஆராய்ந்த பணியிட மோசடிகளில் 43 சதவீதம் வெளியே வந்தது யாரோ கொடுத்த தகவலால். அதில் பாதிக்கும் மேல் சக ஊழியர்கள் சொன்னது. எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துப் பையைக் கொட்டச் சொல்லும் கடையில் அந்தத் தகவலை யார் வந்து சொல்வார்கள்?

'கம்ப்யூட்டரே சொல்லுது' என்றால்?

ஆளில் தொடங்கும் விசாரணை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் தபால் நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு மூலைக் கடை. மிட்டாய், நியூஸ்பேப்பர் விற்கும் கடைக்குள்ளேயே தபால் கவுன்ட்டர். நடத்துபவருக்கு 'சப்-போஸ்ட்மாஸ்டர்' என்று பெயர். இந்தியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய குடும்பங்கள் பலவும் இதில் இருந்தன.

1999 முதல் இந்தக் கவுன்ட்டர்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. வந்த கொஞ்ச நாளிலேயே பல கடைகளில் கணக்கு இடித்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு தொகை, ஸ்கிரீனில் வேறு தொகை. ஒப்பந்தப்படி வித்தியாசத்தைக் கடைக்காரர் கட்ட வேண்டும். பலர் சேமிப்பிலிருந்து கட்டினார்கள், வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். உதவிக்குப் போன் செய்தால் பலருக்கும் கிடைத்த பதில், 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்னை'.

தபால் நிறுவனத்திடம் சொந்த விசாரணை அதிகாரிகள் இருந்தார்கள். வழக்குத் தொடுக்கும் அதிகாரமும் அதனிடமே இருந்தது. புகார் கொடுப்பவர், விசாரிப்பவர், வழக்கு நடத்துபவர் எல்லாம் ஒருவரே. கணினி சரியாக இயங்கியிருக்கும் என்பதே அங்கே நீதிமன்றத்தின் தொடக்க ஊகம். அடுத்த பதினைந்து வருஷங்களில் ஹொரைசன் கணக்கின் அடிப்படையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். கர்ப்பிணி ஒருவரும் அதில் அடக்கம்.

2009-ல் 'கம்ப்யூட்டர் வீக்லி' இதழ் முதலில் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டர் 555 பேரைத் திரட்டி வழக்குப் போட்டார். 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் கொடுத்த தீர்ப்பு, மென்பொருளில் பிழைகள் இருந்ததையும் அவை கடைக்காரர்களின் கணக்கில் குறைவைக் காட்டக்கூடியவை என்பதையும் உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் ஒரு டி.வி. தொடர் இதை வீடு வீடாகக் கொண்டுபோன பிறகு, அதே ஆண்டு மே மாதம் தனிச் சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். 2025 ஜூலையில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கையின் முதல் பகுதி, குறைந்தது 13 பேர் இதன் விளைவாக உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்கிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் இவர்களில் நிறையப் பேர். செய்யாததை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிட்டு, பொய்க் கணக்கு என்ற சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இல்லை என்ற பேரம். அடுத்த முறை யாராவது 'அவனே எழுதிக் கொடுத்துட்டான் சார்' என்று சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

பின் அறையில் என்ன செய்யக்கூடாது?

எழுதி வாங்குவது நம் ஊர்க் கடை விசாரணையின் முக்கியமான சடங்கு. ஒரு வெள்ளைத்தாள், 'நான் எடுத்தது உண்மை' என்று நாலு வரி, கையெழுத்து. சிலநேரம் வெற்றுத்தாளில் கையெழுத்து. இதற்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு? அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ, வற்புறுத்தியோ, ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் செல்லாது என்கிறது பாரதிய சாட்சிய அதினியத்தின் 22-வது பிரிவு.

வாங்கிய விதம்தான் ஆபத்து. வெளியே போக விடாமல் அறையில் வைத்திருப்பது சட்டவிரோத அடைப்பு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை. ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காக அடைத்துவைத்தால் மூன்று வருஷம் வரை. அதற்காக அடித்தால், 120-வது பிரிவில் ஏழு வருஷம் வரை. கவனியுங்கள், ஊழியர் முதலாளியிடம் திருடினால் அதிகபட்சத் தண்டனையும் ஏழு வருஷம்தான்.

'பொதுமக்களே கைது செய்யலாமே' என்பார்கள். செய்யலாம், ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் மட்டும். அப்போதும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். போன வாரக் கணக்கில் குறைவு என்பதற்காக இன்றைக்கு ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது. அவர் போனைப் பிடுங்கிப் பார்ப்பதும் கடையின் உரிமை அல்ல. வெளியே போகும்போது எல்லோர் பையையும் பார்ப்பது என்று வேலையில் சேரும்போதே சொல்லிவைத்த விதி வேறு. சந்தேகப்பட்ட பெண்ணின் உடலைச் சோதிப்பது முற்றிலும் வேறு, அது 74-வது பிரிவு வரை கொண்டுபோய் விடும். உண்மை கண்டறியும் சோதனை என்று மிரட்டுபவர்களுக்கும் ஒரு தகவல்: சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனை கூடாது என்று 2010-லேயே செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸுக்கே கூடாது.

போலீஸிடம் 'வாய்மொழியா சொல்லி வெச்சா போதும், அவங்க விசாரிச்சுக்குவாங்க' என்ற பழக்கத்தின் விலையைத் தமிழ்நாடு 2025 ஜூனில் பார்த்தது. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்தவர், பக்தர் ஒருவரின் காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படை போலீஸாரால் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். முறையான எஃப்.ஐ.ஆர். இல்லாமலே. அடுத்த நாள் அவர் உயிரோடு இல்லை. உடலில் 44 காயங்கள் இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை குறிப்பிட்டது. போலீஸார் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவருக்கு வயது 27.

வேலையை விட்டு நீக்கலாமா, சம்பளத்தில் பிடிக்கலாமா?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் திருத்தம் வந்ததே, அதே சட்டம்தான். அதன் 41-வது பிரிவு இப்படிப் போகிறது: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. திருட்டு மாதிரி ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் அதற்கென்று ஒரு விசாரணை நடத்தி, அதில் பதிவான திருப்தியான ஆதாரம் இருக்க வேண்டும்.

விசாரணை என்றால் கோர்ட் மாதிரி ஒன்றும் வேண்டாம். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், ஆதாரத்தை அவர் பார்க்க வேண்டும், அவர் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். முடிந்தால் குற்றம் சாட்டியவரே நீதிபதியாகவும் உட்காராமல் இருப்பது நல்லது. 1977-ல் ஹரியானா பஸ் கண்டக்டர் ரத்தன் சிங் வழக்கில், காசு கொடுத்தும் டிக்கெட் வாங்காத பயணிகளை நேரில் சாட்சியாக அழைக்காவிட்டாலும் பரவாயில்லை, நம்பத்தக்க ஆதாரம் கொஞ்சமாவது இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். முதலாளிகளுக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் 1999-ல் கோலார் தங்க வயல் பாதுகாப்பு அதிகாரி வழக்கில் நிலைமை வேறு. வீட்டில் தங்கம் பிடிபட்டதாகக் குற்றச்சாட்டு, குற்றவியல் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது, அதே ஆதாரத்தை வைத்து நிர்வாகம் அவர் இல்லாமலே விசாரணை நடத்தி நீக்கியிருந்தது. பிழைப்பூதியம்கூடத் தராததால் அவரால் விசாரணைக்கு வர முடியவில்லை. அந்த நீக்கம் நிற்கவில்லை.

சம்பளப் பிடித்தம்தான் கடைகளில் அதிகம் நடப்பது. எல்லோர் சம்பளத்திலும் ஐந்நூறு ஐந்நூறாகப் பிடித்து 'ஷார்ட்டை' அடைப்பது பல ஊர்களில் சாதாரண வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு இதற்கு இடம் தரவில்லை. குறிப்பிட்ட ஊழியரிடம் ஒப்படைத்த பொருளோ பணமோ, அவருடைய கவனக்குறைவால் நேரடியாக நஷ்டமாகியிருந்தால் மட்டுமே பிடிக்கலாம். முதலில் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். நஷ்டத்தைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்த விதிகள் புதிதல்ல, 1936-ம் வருஷ ஊதியச் சட்டத்திலும் அடிப்படையில் இவைதான் இருந்தன. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

போலீஸுக்குப் போவதென்றால்

ஆதாரம் வலுவாக இருக்கிறது, தொகையும் பெரிது என்றால் எழுத்துப்பூர்வமான புகாரும் எஃப்.ஐ.ஆரும்தான் வழி. ஊழியர் முதலாளியின் பொருளைத் திருடுவது நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவு. ஒப்படைத்த பணத்தைக் கையாடல் செய்வது 316(4). கணக்கைத் திருத்துவது 344. மூன்றிலும் ஏழு வருஷம் வரை தண்டனை. ஏழு வருஷம் வரையிலான குற்றங்களில் உடனே கைது என்பது கட்டாயம் இல்லை. தேவை இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பதை 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு அழுத்திச் சொன்னது.

சி.சி.டி.வி. காட்சியைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, எந்தக் கருவியில் பதிவானது, யார் பொறுப்பில் இருந்தது, கோப்பின் 'ஹாஷ்' மதிப்பு என்ன என்பதோடு ஒரு சான்றிதழ் வேண்டும். கேமரா போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டு இதைத் தயார் செய்ய முடியும். இல்லாவிட்டால் எவ்வளவு தெளிவான வீடியோவும் நீதிமன்றத்தில் தடுமாறும். திருட்டு வழக்கை நீதிமன்ற அனுமதியோடு சமரசமாக முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பணம் திரும்பினால் போதும் என்று நினைக்கும் கடைக்காரருக்கு, பின் அறைப் பேரத்தைவிட அது பாதுகாப்பானது.

அந்த வீடியோவை வணிகர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது மட்டும் வேண்டாம். 'இந்தப் பொண்ண வேலைக்கு வெச்சுக்காதீங்க' என்று போட்டோவோடு ஒரு மெசேஜ் போதும், பெரிய கடைத்தெருவிலிருந்து நீடாமங்கலம் வரை எல்லாக் கடைக்கும் ராத்திரிக்குள் போய்ச்சேர்ந்துவிடும். குற்றச்சாட்டு நிரூபணம் ஆகாவிட்டால் அது அவதூறு, 356-வது பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை. அந்த மெசேஜைத் திரும்ப எடுக்கவும் முடியாது. சென்னையில் ஒரு கடை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று. மன்னார்குடி அளவு ஊரில் ஒரு கடையில் 'கை சுத்தமில்லை' என்று பேர் வாங்கினால், அடுத்த வேலைக்கு மட்டுமல்ல, கல்யாணப் பேச்சு வரும்போதும் யாராவது ஒருவர் அதைச் சொல்வார். நடவும் அறுப்பும் சேர்ந்தே வருஷத்தில் சில மாதங்கள்தான் வேலை இருக்கும் கிராமங்களிலிருந்து வரும் பெண்களுக்கு, கடைச் சம்பளம்தான் மாதாமாதம் நிச்சயமாக வரும் பணம்.

நிற்க வைக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். எழுதச் சொன்னால், நடந்ததை மட்டும் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அன்றைய கவுன்ட்டர் அறிக்கையையும் கேமரா பதிவையும் பத்திரப்படுத்தி வைக்கும்படி எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ கேட்கலாம். பிறகு 'பதிவு அழிஞ்சுபோச்சு' என்று சொல்ல முடியாது. ராத்திரி நேரமாகிவிட்டது என்றால், நாளைக்குக் காலையில் வந்து பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப உரிமை உண்டு. தடுத்தால் 112-க்கு அழைக்கலாம்.

விசாரணை இல்லாமல் வேலையை விட்டு எடுத்திருந்தால், 41-வது பிரிவிலேயே மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். வக்கீலுக்குக் காசு இல்லை என்பது தடை அல்ல. சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான தேசிய உதவி எண் 15100.